வண்டிப் பட்டறைக்கு எந்தப் பிளேயர்? விற்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டியவை



சென்ற சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, சாப்டூர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் நம்மை நிறுத்தினார். "அண்ணாச்சி, பருப்பு, புளி, மிளகாய் வத்தல் பற்றியெல்லாம் இதழில் எழுதுறாங்க. நான் கடையில ஆணி, கட்டுக்கம்பி, கட்டிங் பிளேயர் எல்லாம் சேர்த்துத்தான் விக்கிறேன். ஒரு மெக்கானிக் வந்து நல்ல பிளேயரா கொடுங்கன்னு கேட்டா, எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் பேரையூர் வட்டாரத்தில் தனி இரும்புக் கடை இல்லாத கிராமங்கள் நிறைய இருக்கின்றன. அங்கெல்லாம் மளிகைக் கடைதான் இரும்புக் கடை, அதுதான் எழுதுபொருள் கடை, சில இடங்களில் அதுதான் மருந்துக் கடையும்கூட. மேலும் சரக்கு ஏற்ற மொபெட்டோ, மூன்று சக்கர வண்டியோ, சிறு லாரியோ இல்லாத வியாபாரி இன்று நம்மில் யாரும் இல்லை. எனவே விற்பதற்காகவும், சொந்த உபயோகத்திற்காகவும் இதை நாம் தெரிந்து கொள்வது நல்லது.

நாம் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். இன்ஜினியர் அல்ல. நாற்பது வருடமாக மொத்த வியாபாரத்தில் கைபட்டுத் தெரிந்து கொண்டதையும், பட்டறைக்காரர்கள் சொல்லிக் கொடுத்ததையும்தான் இங்கே எழுதுகிறோம்.

நாம் செய்த தவறு

முதலில் நம் தவறை ஒப்புக் கொண்டு ஆரம்பிப்பதுதான் முறை. பல வருடங்களுக்கு முன் நம் கடைக்கு ஒரு வாலிபர் வந்தார். தகப்பனார் இல்லை. தாயார் காட்டு வேலைக்குப் போய் வளர்த்த பிள்ளை. மதுரையில் ஒரு பட்டறையில் தொழில் பழகி, ஊர் திரும்பி, மெயின் ரோட்டு ஓரம் வேப்பமரத்தடியில் இரு சக்கர வண்டிப் பட்டறை போடப் போவதாகச் சொன்னார். சாமான்களைக் கடனாகக் கேட்டார், கொடுத்தோம்.

அந்தச் சமயம் பெயர் போடாத பிளேயர் பெட்டி ஒன்று நமக்கு வந்திருந்தது. கண்ணாடி போல நிக்கல் முலாம், சிவப்புக் கைப்பிடி, பார்வைக்கு அழகு. நமக்கு அதில் லாபம் அதிகம். "இதுவும் அதே மாதிரிதான் தம்பி, விலை பாதி" என்று சொல்லி அதையே கட்டிக் கொடுத்தோம். அந்த வார்த்தையைச் சொன்னபோது அது உண்மையா பொய்யா என்று நமக்கே தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல் சொன்னதுதான் தவறு.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தார். இடது கண்ணுக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சர்க்கிளிப் ஒன்றைக் கழற்றும்போது பிளேயரின் மூக்கு ஒடிந்து, அந்தத் துண்டு தெறித்துக் கன்னத்து எலும்பில் குத்தியிருக்கிறது. அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அவர் சண்டைக்கு வரவில்லை. ஒடிந்த பிளேயரை கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, வேற ஒண்ணு கொடுங்க, நல்லதா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை, "நல்லதா" என்றது, இன்றைக்கும் நம் காதில் இருக்கிறது. அன்றிலிருந்துதான் இந்தச் சரக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தோம்.

பிளேயர் எப்படி வேலை செய்கிறது?

நம் ஊர்க் கொல்லர் உலைக்களத்தில் பழுத்த இரும்பைப் பிடிக்கும் கொறடுதான் இதற்கெல்லாம் மூத்த அண்ணன். இரண்டு நெம்புகோல்களை நடுவில் ஓர் ஆணியால் இணைத்தால் அதுதான் கொறடு. நம் பழைய கைத்தராசிலும் இதே தத்துவம்தான் இருக்கிறது. தராசில் இரண்டு பக்கமும் ஒரே நீளம். பிளேயரில் கைப்பிடி நீளம், வாய் குட்டை. எனவே கையில் கொடுக்கும் பலம் வாயில் பெருகுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 8 அங்குலப் பிளேயரில் நடு ஆணியிலிருந்து நம் கை பிடிக்கும் இடம் சுமார் 12 சென்டிமீட்டர். வெட்டும் வாய் ஆணியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். கையால் 20 கிலோ அளவுக்கு அழுத்தினால், அங்கே 20 பெருக்கல் 12 வகுத்தல் ஒன்றரை, அதாவது 160 கிலோ பலம் விழும். அதே அழுத்தத்தில் 4 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மூக்கு நுனியில் விழுவது 60 கிலோதான். கம்பியை எப்போதும் ஆணிக்குப் பக்கத்தில் வைத்து வெட்ட வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதனால்தான். இவ்வளவு பலத்தை ஒரு கடுகளவு இடம் தாங்க வேண்டும் என்றால், அந்த இரும்பு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் இதிலிருந்தே புரிந்து கொள்ளலாம்.

எந்த வேலைக்கு எந்தப் பிளேயர்?

மோட்டார் வண்டிக்கும் நம் மதுரைச் சீமைக்கும் உறவு பழையது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் பேருந்து ஓட்டி, உதிரிபாகம் விற்று, பட்டறை நடத்தி வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போனதும், கரிவாயுவில் வண்டி ஓடும்படி கருவி செய்து கொடுத்தார்கள். பிறகு 1980-ல் அந்தக் குடும்ப நிறுவனம் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டைக் கொண்டு வந்தது. அது வந்த பிறகுதான் நம் போன்ற சிறு வியாபாரிகள் சைக்கிள் கேரியரிலிருந்து இறங்கினோம். வண்டி பெருகியது. மரத்தடிப் பட்டறைகளும் பெருகின. அந்தப் பட்டறைகளுக்குத் தேவையானவை கீழ்க்கண்ட ஏழு வகை.

1. கட்டிங் பிளேயர்: இது எல்லோர் வீட்டிலும் இருப்பது. முன்னால் சொரசொரப்பான தட்டை வாய், நடுவில் உருளையான சாமானைப் பிடிக்க வளைந்த பல் வரிசை, அதன் பின்னால் கம்பி வெட்டும் கூர் வாய். சிலவற்றில் ஆணிக்கு வெளிப் பக்கத்திலும் கம்பி நறுக்க ஒரு வெட்டு இருக்கும். 6, 7, 8 அங்குலங்களில் வருகிறது. வண்டி வேலைக்கு 8 அங்குலம்தான் சரி. 6 அங்குலம் வீட்டு உபயோகத்திற்கும், வண்டியின் டூல்ஸ் பெட்டியில் வைத்துக் கொள்ளவும் போதும்.

2. நோஸ் பிளேயர்: மூக்கு நீண்டு குறுகியிருக்கும். விரல் நுழையாத இடத்தில் சிறு பின்னை எடுக்க, பெட்ரோல் டியூப் கிளிப்பை நகர்த்த, செயின் லாக்கை மாட்ட, ஸ்பிளிட் பின் காலை நிமிர்த்த இது வேண்டும். 6 அங்குலம் போதும். இதைக் கொண்டு கனமான சாமானை முறுக்கக் கூடாது. நுனி கோணிக்கொள்ளும். கோணிய மூக்கை நிமிர்த்தினால் மறுபடி அங்கேயே ஒடியும்.

3. சைடு கட்டர்: இதற்குப் பிடிக்கும் வாய் கிடையாது, வெட்டும் வாய் மட்டுமே. ஒயரிங் வேலைக்கும், ஸ்பிளிட் பின்னின் மிச்சக் காலை நறுக்கவும், பிளாஸ்டிக் கட்டுகளை ஒட்ட வெட்டவும் உதவும். கிளட்ச், பிரேக் கேபிளின் உள் கம்பி பல இழைகள் முறுக்கிய எஃகு. அதைச் சாதாரண சைடு கட்டரால் வெட்டினால் கம்பி பிரிந்து போகும், கட்டரின் வாயும் பல் விழும். அதற்கென்று கேபிள் கட்டர் தனியாக இருக்கிறது.

4. சர்க்கிளிப் பிளேயர்: பேரிங், கியர், பின் போன்றவை நழுவாமல் நிறுத்தும் எஃகு வளையத்திற்கு சர்க்கிளிப் என்று பெயர். அதைக் கழற்றி மாட்ட இந்தப் பிளேயர். இதில் இரண்டு வகை உண்டு, விற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறு செய்கிறோம். குழிக்குள் இருக்கும் வளையத்தைச் சுருக்கி எடுக்க வேண்டும். அதற்கு உள் சர்க்கிளிப் பிளேயர், கைப்பிடியை அழுத்தினால் மூக்கு மூடும். தண்டின் மேல் இருக்கும் வளையத்தை விரித்து எடுக்க வேண்டும். அதற்கு வெளி சர்க்கிளிப் பிளேயர், கைப்பிடியை அழுத்தினால் மூக்கு விரியும். ஒவ்வொன்றிலும் நேர் மூக்கு, வளைந்த மூக்கு என்று இரண்டு உண்டு. வாங்க வருபவரிடம் "உள்ளுக்கா வெளிக்கா, நேரா வளைவா" என்று கேட்டுக் கொடுங்கள். மூக்கு நுனி வளையத்தின் துளையில் ஆடாமல் பொருந்த வேண்டும். நுனி சிறுத்திருந்தால் வளையம் வழுக்கித் தெறிக்கும். நம் வாலிபருக்கு நடந்தது போல, எஃகு மட்டமாக இருந்தால் நுனியே ஒடிந்து தெறிக்கும். இந்த வேலையைக் கண்ணாடி போடாமல் செய்யக் கூடாது. பிளேயர் விற்கும்போது கூடவே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியையும் எடுத்துக் காட்டுங்கள். வியாபாரமும் ஆயிற்று, புண்ணியமும் ஆயிற்று.

5. வாட்டர் பம்ப் பிளேயர்: வாய் அகலத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வரிவரியான பள்ளங்கள் கொண்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் மெட்வில் என்ற ஊரில் 1930-களில் இந்தப் பள்ள அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். சானல்லாக் என்று அவர்கள் வைத்த பெயரே பிறகு அந்தக் கம்பெனியின் பெயராகவும் ஆகிவிட்டது. டிராக்டர், லோடு வண்டிகளில் தண்ணீர் ஹோஸ் கிளிப்பை அழுத்த, பெரிய மூடிகளைத் திறக்க உதவும். 10 அங்குலம் நன்றாக ஓடும். விவசாயிகள் மோட்டார் பம்பு செட்டிற்கும் இதையே கேட்பார்கள்.

6. கிரிப் பிளேயர்: ஒரு முறை கடித்தால் கையை எடுத்தாலும் விடாது. கைப்பிடிக் கடைசியில் உள்ள திருகால் அகலத்தைச் சரி செய்து, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துக்குக் குடியேறிய வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர். 1924-ல் பூட்டும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். உலைக்களத்தில் ஒரு கையால் சாமானைப் பிடித்துக் கொண்டு மறு கையால் வேலை செய்து அலுத்த ஒரு கொல்லருக்குத்தான் இது தோன்றியிருக்க முடியும். மூலை மழுங்கிய போல்ட், ஒடிந்த ஸ்டட் ஆகியவற்றை வெளியே எடுக்க இதுதான் கடைசி ஆயுதம்.

7. கிரிம்பிங் பிளேயர்: ஒயர் முனையில் டெர்மினல் பொருத்துவதற்கு. பலர் கட்டிங் பிளேயரால் கடித்து விடுகிறார்கள், பல்லால் கடிப்பவரும் உண்டு. அப்படிச் செய்த இணைப்பு நாளடைவில் தளரும், தளர்ந்த இடம் சூடேறும், ஒயர் உருகும். வண்டி தீப்பிடிப்பதற்கு இது போன்ற சின்ன அலட்சியமும் ஒரு காரணம்.

பிளேயர் செய்யக் கூடாத வேலை

பிளேயர் பற்றித் தெரிந்து கொள்வதில் பாதி, அதை எங்கே உபயோகிக்கக் கூடாது என்பதுதான். நட்டு, போல்ட்டைத் திருகுவதற்கு ஸ்பானர் இருக்கிறது. பிளேயரால் திருகினால் ஆறு மூலையும் மழுங்கி, பிறகு சரியான ஸ்பானரும் பிடிக்காது. பத்து ரூபாய் நட்டுக்காக நூறு ரூபாய் கூலி கொடுக்க நேரும். நல்ல மெக்கானிக்கா என்று அறிய வேண்டுமானால், அவர் வண்டியின் நட்டுகளைப் பாருங்கள், போதும்.

பிளேயரைச் சுத்தியலாக அடிக்கக் கூடாது. அதன் மேல் சுத்தியலால் அடித்துக் கம்பி வெட்டவும் கூடாது. கைப்பிடியில் பைப்பைச் செருகி நீட்டிப் பலம் கொடுக்கக் கூடாது. மேலே போட்ட கணக்கின்படி ஆணியில் விழும் பாரம் பல மடங்கு கூடும். ஸ்பிரிங் கம்பியை வெட்டக் கூடாது. நெருப்பில் காட்டவோ, பழுத்த இரும்பைப் பிடிக்கவோ கூடாது. எஃகுக்குக் கொடுத்த பதம் இறங்கி, வாய் மெத்தென்று ஆகிவிடும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பிளேயருக்குப் பல் போனால் வேலையே போச்சு.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். சக்கரத்து ஆக்ஸில் நட்டிலும், பிரேக் கம்பியிலும் போடும் ஸ்பிளிட் பின்னை ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது. மடக்கி நிமிர்த்திய கால் மறுபடி மடக்கும்போது விரிசல் விடும். அவசரத்துக்குக் கட்டுக்கம்பியைச் செருகி முறுக்கி விடுகிறார்கள். மூட்டை ஏற்றிய வண்டி டி.கல்லுப்பட்டி ரோட்டில் போகும்போது அந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பிளிட் பின் சில்லறைக் காசு விலைதான். பிளேயர் விற்கும் கடையில் இரண்டு மூன்று அளவு ஸ்பிளிட் பின்னும் இருக்கட்டும். அதேபோல செயின் லாக் கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது உரசிக் கழன்று விடும். நம் சொந்த வண்டியில் வேலை முடிந்ததும் இதை நாமே குனிந்து பார்த்து விடலாம்.

வாங்கும்போது செய்யும் சோதனைகள்

மொத்தக் கடையில் டஜன் கணக்கில் எடுக்கும்போது பெட்டியைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். பின்வரும் சோதனைகளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

முதலாவது, வெளிச்சச் சோதனை. பிளேயரை மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டும் வாயின் இரண்டு விளிம்புகளும் நுனி முதல் அடி வரை சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அது மெல்லிய ஒயரை வெட்டாது, மென்று வைக்கும். தட்டை வாய் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று நேராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆட்டச் சோதனை. கைப்பிடி இரண்டையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொட லொட என்று ஆடினால் ஆணி சரியில்லை. திறந்து மூடும்போது இடையில் எங்கும் பிடிக்காமல், ஒரே சீராக வர வேண்டும்.

மூன்றாவது, காகிதச் சோதனை. ஒரு துண்டுக் காகிதத்தையும், ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையையும் வெட்டிப் பாருங்கள். நல்ல பிளேயர் சுத்தமாக நறுக்கும்.

நான்காவது, அரச் சோதனை. கடைக்காரர் சம்மதித்தால் டஜனில் ஒன்றை எடுத்து, வெட்டும் விளிம்பில் சிறு அரத்தை லேசாக ஓட்டுங்கள். பதம் வைத்த எஃகின் மேல் அரம் வழுக்கும். மெத்தென்ற இரும்பானால் அரம் கடித்துப் பொடி எடுக்கும்.

ஐந்தாவது, மேல் முலாமைக் கண்டு மயங்காதீர்கள். நல்ல பிளேயர் உருக்கைச் சூட்டில் அச்சில் அடித்து உருவாக்கப்படுகிறது. மட்டமானது உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பாக இருக்கலாம். வார்ப்பில் குமிழும் சொரசொரப்பும் இருக்கும், அதை மறைக்கத்தான் கனமான முலாம். நல்ல கம்பெனிச் சரக்குகள் பலவும் சாதாரணக் கறுப்பு நிறத்தில்தான் வருகின்றன.

ஆறாவது, முத்திரை. கட்டிங் பிளேயருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3650. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் மேலே இந்த எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெறும் முத்திரை மட்டும் இருந்து உரிம எண் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

நம் நாட்டில் நல்ல சரக்கு இல்லை என்பதல்ல. டபாரியா நிறுவனம் ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் 1969-ல் கைக்கருவி உற்பத்தியை ஆரம்பித்தது. அவர்கள் தொழிற்சாலை மகாராஷ்டிர மாநிலம் நாசிக்கில் உள்ளது. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். இராஜஸ்தானின் நாகௌர் ஊரில் சிறு பட்டறைகளிலேயே பிளேயர் செய்கிறார்கள். சிறு பட்டறைச் சரக்கு என்பதாலேயே மட்டம் என்று தள்ளிவிட வேண்டாம். செய்தவர் பெயர் இருக்கிறதா, மேற்சொன்ன சோதனைகளில் தேறுகிறதா என்று பாருங்கள்.

கைப்பிடி உறையும் மின்சாரமும்

இது உயிர் சம்பந்தப்பட்டது. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே அது மின்சாரம் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. மெல்லிய உறைகள் கை வழுக்காமல் இருப்பதற்கு மட்டுமே. மின்சார வேலைக்கான பிளேயரில் 1000 வோல்ட் என்ற குறி அச்சிடப்பட்டிருக்கும். உறை கெட்டியாக, ஆணிப் பக்கம் கை வழுக்கிப் போகாதபடி விளிம்பு வைத்து இருக்கும். அந்த உறையிலும் ஒரு கீறல் விழுந்துவிட்டால் மின்சார வேலைக்கு உபயோகிக்கக் கூடாது. "கரண்டு வேலைக்கு ஆகுமா?" என்று யாராவது கேட்டால், குறி இல்லாத பிளேயருக்கு "ஆகாது" என்று சொல்லிவிடுங்கள். ஒரு விற்பனை போனால் போகட்டும்.

வண்டி பாட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிக்காது, ஆனால் பிளேயர் ஒரு பக்கம் பாசிட்டிவ் முனையிலும் மறுபக்கம் வண்டி உடம்பிலும் பட்டால் பெரும் தீப்பொறி எழும், பிளேயரே பழுத்துவிடும். எனவே பாட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் கிராமங்களுக்கும் வந்துவிட்டன. அவற்றின் பாட்டரி 48 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கிறது. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர்களில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அவற்றில் பயிற்சி பெற்றவர்களைத் தவிர யாரும் பிளேயரோடு கைவைக்கக் கூடாது.

மளிகைக் கடையில் வைக்கும் முறை

இரும்புச் சாமானுக்கு மளிகைக் கடை அவ்வளவு நல்ல இடம் அல்ல. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் பிளேயர் பெட்டியை வைத்தால், ஒரு மழைக்காலத்தில் செந்துரு பிடித்துவிடும். புளி, சோடா உப்பு, சலவைத்தூள் பக்கத்திலும் வைக்காதீர்கள். சாக்கில் கட்டி வைத்தால் சாக்கு ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். தரையை விட்டு உயரமாக, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவது நல்லது. மாதம் ஒருமுறை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு விடுங்கள். கடையில் கைக்கு எட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ தடவ வேண்டாம். நாள்பட்டால் அது பிசினாகி ஆணி இறுகிவிடும்.

சிறு கடைக்கு ஏழு வகையும் வேண்டியதில்லை. 8 அங்குலக் கட்டிங் பிளேயர் ஆறு, 6 அங்குலம் மூன்று, நோஸ் பிளேயர் இரண்டு, சைடு கட்டர் இரண்டு, 10 அங்குல வாட்டர் பம்ப் பிளேயர் ஒன்று இருந்தால் போதும். சர்க்கிளிப் பிளேயரும் கிரிப் பிளேயரும் கேட்டால் எழுதி வைத்துக் கொண்டு வரவழைத்துக் கொடுக்கலாம். முதல் முடங்காது.

லாபக் கணக்கையும் பார்த்து விடுவோம். ஓர் உதாரணத்திற்கு, மட்டப் பிளேயர் 90 ரூபாய்க்கு வாங்கி 130-க்கு விற்கிறோம், லாபம் 40. நல்லது 260-க்கு வாங்கி 310-க்கு விற்கிறோம், லாபம் 50. சதவீதக் கணக்கில் மட்டச் சரக்குதான் லாபம் போலத் தோன்றும். ஆனால் மட்டச் சரக்கில் பத்துக்கு இரண்டு திரும்பி வந்து, அந்த இரண்டுக்கும் நாம் மாற்றுக் கொடுத்தால் 180 ரூபாய் போயிற்று. பத்தில் கிடைத்த 400 ரூபாய் லாபம் 220 ஆகிறது. நல்லதில் பத்துக்கு 500 அப்படியே நிற்கும். வாங்கியவர் பக்கமும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒன்று வீதம் இரண்டு வருடத்தில் நான்கு மட்டப் பிளேயர் வாங்கினால் அவருக்கு 520 ரூபாய் செலவு. 310 ரூபாய்ப் பிளேயரை ஒழுங்காக வைத்திருந்தால் அதற்கு மேலும் உழைக்கும். திரும்பி வரும் ஆளுக்கு மாற்றுக் கொடுக்காமல் அனுப்பினால் 90 ரூபாய் மிஞ்சும். ஆனால் அவர் அரிசி பருப்பையும் அடுத்த கடையில் வாங்கப் போய்விடுவார்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டு, அந்தப் பொருளைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், விற்ற கடைக்காரர் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாக நேரும். எனவே பெயர் ஊர் இல்லாத சரக்கை வாங்காதீர்கள். வாங்கும் சரக்குக்கு பில் வாங்குங்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் பிளேயருக்கான எச்.எஸ்.என். தலைப்பு 8203.

முடிவாக

அந்த வாலிபருக்கு அன்று நல்ல கம்பெனி சர்க்கிளிப் பிளேயர் ஒன்றைக் கொடுத்தோம். காசு வாங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் கணக்கில் கழித்துக் கொள்ளச் சொன்னோம். "அது வேண்டாம் அண்ணாச்சி, பிளேயர் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டார். மிச்சமிருந்த பெயரில்லாத பெட்டியை வேறு ஊருக்குத் தள்ளிவிடலாம் என்று கடைப் பையன் யோசனை சொன்னான். யாரோ ஒருவர் கண்ணுக்குத்தானே அதுவும் போகும்? பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போட்டோம். நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தில் கற்றதுதான் இந்தக் கட்டுரை.

அந்த மரத்தடிப் பட்டறை இப்போது ஓட்டுக் கூரை போட்ட கட்டிடம். அவரிடம் மூன்று பேர் வேலை பழகுகிறார்கள். இன்றும் சாமான் நம்மிடம்தான் வாங்குகிறார். பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் அவர் கையில் கொடுப்பது ஸ்பானர் அல்ல, கண்ணாடி.

சரக்கைத் தெரிந்து விற்போம். தெரியாததைத் "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்வோம். அப்படிச் சொல்வதால் வியாபாரியின் மதிப்பு குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது என்பதை அனுபவத்தில் கண்டோம். சாப்டூர்த் தம்பி கேட்ட கேள்விக்கு நம்மால் முடிந்த பதில் இது. இதில் விடுபட்டதை அறிந்த இரும்புக் கடை அன்பர்கள் அடுத்த இதழில் எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.